இல்லமும் இளையவர்களும்



கல்வராயன் மலைமேல் வாழும் மலையாளிக் குடியினர் தம் முன்னோரைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வழக்கு ஒன்றுண்டு. காஞ்சீபுரத்திலிருந்து மூன்று ஸஹோதரர்கள் புறப்பட்டார்களாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பன அவர்தம் பெயர்கள். கரியராமன் என்னும் திருநாமமுடைய எம்பெருமானையும் உடன் எழுந்தருளப் பண்ணிக்கொண்டு வந்து, இம்மலைகளில் ஏறிக் குடிசை கட்டிக் குடியமர்ந்தார்கள் என்பர். மூவருள் எவர் எம்மலை ஏறினார் என்பதில் ஊருக்கு ஊர் சொல் வேறுபடும். சரித்திர ஆராய்ச்சி வல்லார் இதனை எவ்வளவு தூரம் ஏற்பர் என்பது தனி விஷயம். ஆனால் கச்சிராயபாளையத்திற்கு மேற்கே நீலமாய் நிமிர்ந்து நிற்கும் அந்த மலையைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கத் தக்கது இது: ஊரையும் உடைமையையும் விட்டு வந்தவர்கள், உடன்பிறந்தாரை விட்டு வரவில்லை, எம்பெருமானையும் விட்டு வரவில்லை.

உத்ஸவத்தை ஸேவிக்க வரும் அடியார்களின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக. பெருமாள் திருவீதியில் எழுந்தருளுகிறார், கைகள் கூப்பப்படுகின்றன. மனமோ பூட்டி வந்த வீட்டின் கதவைச் சுற்றிவருகிறது. பின்கட்டுத் தாழ்ப்பாளைப் போட்டோமா, இல்லையா? மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர் காட்டியிருப்பாரா? கூட்டத்தில் மூத்த பிள்ளை இளையதின் கையை விட்டுவிட்டதா? தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்றாய்ச் சுமந்து வந்த தாய், தீபாராதனை ஆகும் அந்த ஒரு கணத்தில், அழுகின்ற சிறியதைத் தேற்றுவதற்குக் குனிந்துவிடுகிறாள். நிமிரும்போது திரை விழுந்துவிடுகிறது. 'இந்த ஸம்ஸாரத் தொல்லை இல்லாதிருந்தால் நிம்மதியாய் ஸேவித்திருக்கலாமே' என்று பெருமூச்செறியாத க்ருஹஸ்தர் உண்டோ?

இப்படிப் பெருமூச்செறிபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் ஸேவிக்க வந்திருக்கும் அந்த எம்பெருமான்தானே, ஒரு காலத்தில், இப்படிப்பட்ட தொல்லை மிகுந்த ஒரு வீட்டில், ஒரு தமையனோடு கூடத் தவழ்ந்து வளர்ந்தவன்!

வீட்டைப் பற்றி முதலில் சொல்லுவோம். கச்சிராயபாளையத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் வீடு கட்டுவது என்பது ஒரு வருஷத்துக் காரியம் அன்று. கரும்புப் பணம் கைக்கு வந்தால் கடைக்கால் தோண்டுவார்கள். அடுத்த வெட்டுக்குச் சுவர் எழும்பும். நிலைவாசல் வைத்து மஞ்சள் குங்குமம் இட்ட பிறகு, தளம் போடுவதற்குள் மூத்த பெண்ணின் விவாஹம் வந்துவிடும். செங்கல் அப்படியே நின்றுவிடும். கோமுகி அணையில் தண்ணீர் ஏறினால் வயல் விளையும். விளைந்தால் வீடு வளரும். மலைமேலோ கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் கூலியே பொருளின் விலையை எட்டிவிடுகிறது. 2024-இல் தமிழக அரசு தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டிற்கு 360 சதுர அடி அளவும் 3 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் உதவியும் வகுத்தார்கள். 'இந்த இடத்திற்குள் தாய் தந்தை, இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி எல்லாரும் எப்படி இருப்பது?' என்று கேட்பவர்கள் உண்டு.

அதற்கு விடை இதே ஜில்லாவிலுள்ள திருக்கோவலூரிலேயே இருக்கிறது. மழையும் இருளுமான இரவில் ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் வந்து ஒதுங்கினார். ஒருவர் படுக்கும் இடம் அது. பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். நான்காவதாக ஒருவர் வந்து நெருக்கினார். அவர் யாரென்பதை உலகறியும். அந்த இடைகழியின் சதுர அடியை அளந்தவர் யாருமில்லை. முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்காகப் படுக்கையை விட்டு எழுந்தார், பிறகு இருக்கையையும் விட்டு எழுந்தார் என்பதே அங்கு நடந்தது. ஒரே பாயில் மூன்று பிள்ளைகள் படுத்துப் போர்வைக்குச் சண்டையிடும் வீட்டில், தாய்மார் இந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கலாம். பலிக்கிறதோ இல்லையோ, சண்டை முடிவதற்குள் கதை கேட்டபடி உறங்கிவிடும்.

வீடு கட்டி முடிந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் இல்லை. தளம் ஒழுகும், சுவரில் ஓதம் ஏறும், நிலைப்படியில் கறையான் வைக்கும், தவணை நிற்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். தெரியாத ஒன்றை மநு ஸ்ம்ருதி எடுத்துக் காட்டுகிறது: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம் ஆகிய ஐந்திலும் க்ருஹஸ்தன் அறியாமலே நாள்தோறும் உயிர்கள் மடிகின்றன, அந்தத் தோஷம் தீரவே பஞ்ச மஹா யஜ்ஞங்கள் விதிக்கப்பட்டன. வீட்டுக்குச் சொந்தக்காரன் என்று மார்பு தட்டுபவன், அடுப்பு மூட்டிய அன்றே கடன்காரனாகிவிடுகிறான் என்பது இதன் கருத்து. அந்தக் கடனை எங்கிருந்து அடைக்கத் தொடங்குவது? யாஜ்ஞவல்க்யர் உண்ணும் முறையைச் சொல்லும்போது, வீட்டிலுள்ள பாலர்கள், முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் முதலானோருக்கு முதலில் உணவிட்டு, அதிதிகளையும் பணியாளரையும் உண்பித்து, மிஞ்சியதையே தம்பதிகள் உண்ண வேண்டும் என்கிறார். குழந்தை பசித்து அழுதுகொண்டிருக்க, பூஜையை நீட்டிக்கொண்டே போகும் சில பெரியவர்கள் இந்த வசனத்தை ஒருமுறை வாசிப்பது நலம்.

இனி நந்தகோபனுடைய திருமாளிகைக்குள் நுழைவோம். ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் அந்த வீட்டை வர்ணிக்கும்போது ஒன்றையும் மறைப்பதில்லை. கம்ஸனுக்கு வருஷ வரி செலுத்துவதற்காக நந்தகோபன் மதுரைக்குப் போயிருந்தான். வரி கட்டப் போன வேளையிலேதான் வீட்டிற்குள் பூதனை வந்தாள். வீட்டு எஜமானன் வரிக்கும் வட்டிக்கும் அலைகின்ற நாளில்தான் வீட்டில் ஏதேனும் நேரும் என்பது அன்று முதல் இன்று வரை மாறவில்லை போலும்.

அடுத்து ஒரு விசேஷ நாள். வந்தவர்களை உபசரிக்கும் பரபரப்பில், யசோதைப் பிராட்டி குழந்தையை ஒரு வண்டியின் அடியில் கண்வளரச் செய்துவிட்டாள். வண்டி கவிழ்ந்து கிடந்தது. அருகில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள், குழந்தை காலால் உதைத்தது, வண்டி கவிழ்ந்தது என்று கண்டதைக் கண்டபடி சொன்னார்கள். சிறுபிள்ளைப் பேச்சென்று பெரியவர்கள் நம்பவில்லை! அங்கே உண்மை அறிந்தவர்கள் அந்தச் சிறுவர்கள் மட்டுமே. 'தம்பி அழுதான், தங்கைக்கு உடம்பு சுடுகிறது, அந்த மாமா வந்தால் எனக்குப் பயமாயிருக்கிறது' என்று வீட்டிலுள்ள மூத்த குழந்தை வந்து சொல்லும்போது, வேலை மும்முரத்தில் 'போய் விளையாடு' என்று அனுப்பிவிடுவோர் இந்தச் சகடக் கதையை நினைவில் வைக்கக் கடவர்.

பிறகு இரண்டு குழந்தைகளும் தவழத் தொடங்கினார்கள். பலராமன் மூத்தவன், கண்ணன் இளையவன். சேற்றிலும் சாணத்திலும் புரண்டு எழுந்து வருவார்கள். இந்த இடத்தில் சுகப்ரஹ்மம் ஒரு பட்டியல் தருகிறார். கொம்புள்ள மாடுகள், நெருப்பு, கோரைப்பல்லுள்ள ப்ராணிகள், கத்தி, தண்ணீர், பறவைகள், முட்கள் என்பன அவை. இவற்றிலிருந்து இரண்டு பிள்ளைகளையும் தடுத்துக் காக்கவும் முடியாமல், வீட்டு வேலைகளைச் செய்யவும் முடியாமல், ரோஹிணியும் யசோதையும் மனம் நிலைகொள்ளாமல் தவித்தார்கள் என்கிறார். வேதாந்தம் சொல்ல வந்த மஹரிஷி, குழந்தைகள் உள்ள வீட்டில் சமையல் நடக்காது என்பதை இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறார்!

அந்தப் பட்டியலை இக்காலத்து வீட்டில் வைத்துப் பார்த்தால், பெயர்களே மாறும். நெருப்பு இருந்த இடத்தில் காஸ் அடுப்பு. கத்தி இருந்த இடத்தில் கரும்பு வெட்டும் அரிவாள். தண்ணீர் என்பதில் வாய்க்கால், தொட்டி, மூடாத கிணறு எல்லாம் அடங்கும். 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில், வீட்டருகே கைவிடப்பட்டுக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து, நாட்டு மக்கள் அனைவரும் நான்கு நாட்கள் உணவு செல்லாமல் பார்த்திருக்க, உயிர் நீத்தது. ஒரு கல்லைப் புரட்டி மூடும் வேலை அது. கல்வராயன் அடிவாரத்துத் தோட்டங்களில் தண்ணீர் வற்றிய துளைகள் எத்தனை உண்டென்பதை அவரவர் அறிவார். உத்ஸவம் முடிந்து வீடு திரும்பியதும் முதலில் செய்ய வேண்டிய கைங்கர்யம் அதுவாக இருக்கலாம்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் கோள் சொல்லுதல் இல்லாமல் இராது. கண்ணன் மண்ணைத் தின்றான் என்று யசோதையிடம் வந்து சொன்னவர்களில் முதல்வன் தமையனான பலராமனே. 'இல்லை, எல்லோரும் பொய் சொல்கிறார்கள்' என்றான் தம்பி. யசோதை என்ன செய்தாள்? மூத்தவன் சொன்னான் என்பதற்காக இளையவனை அடித்துவிடவில்லை. இளையவன் செல்லப்பிள்ளை என்பதற்காக மூத்தவனை ஏசவும் இல்லை. வாயைத் திற, பார்க்கலாம் என்றாள். பார்த்த பிறகே தீர்ப்பு. அவள் உள்ளே எதைக் கண்டாள் என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் விசாரித்த முறையைக் கவனிப்பார் குறைவு.

தயிர் கடைந்த நாளும் அப்படித்தான். மடியில் முலையுண்ட குழந்தை; அடுப்பில் பொங்கும் பால். ஸர்வேச்வரனையே இறக்கி வைத்துவிட்டுப் பாலை இறக்க ஓடினாளே, இது தகுமோ என்று கேட்பவர்களுக்குப் பெரியோர் சொல்லும் ஸமாதானம் ஒன்றுண்டு. அந்தப் பாலும் அவனுக்காகவே காய்ச்சியதன்றோ! பாத்திரம் உடைந்தது, கயிறு எடுத்தாள், ஒவ்வொரு கயிற்றை முடியும்போதும் இரண்டு விரற்கடை குறைந்தது. வேர்த்து விறுவிறுத்துக் கூந்தல் அவிழ்ந்து அவள் களைத்ததைக் கண்ட பின்பே அவன் கட்டுண்ண இசைந்தான். தாயின் களைப்பைக் கண்டு இளகும் இந்தக் குணத்தை வீட்டிலுள்ள பெரிய ஆண்பிள்ளைகளும் சற்றுக் கற்றுக்கொள்ளலாகாதா?

உரலோடு போய்க் குழந்தை இரட்டை மருத மரங்களைச் சாய்த்ததும், ஆயர்பாடிப் பெரியவர்கள் கூடினார்கள். வயதிலும் அறிவிலும் மூத்த உபநந்தர் எழுந்து, பூதனை வந்தாள், வண்டி விழுந்தது, சூறாவளி தூக்கிப் போயிற்று, இப்போது மரம் விழுந்தது. பிள்ளைகளுக்கு இந்த இடம் ஆகாது, இன்றே ப்ருந்தாவனத்திற்குப் புறப்படுவோம் என்றார். 'பாட்டன் காலத்து இடமாயிற்றே, எவ்வளவு செலவிட்டுக் கட்டியது' என்று எதிர்வாதம் செய்தவர் யாருமில்லை. ஒரே மனமாய் வண்டி பூட்டினார்கள். ரோஹிணியும் யசோதையும் பிள்ளைகளோடு ஒரே வண்டியில் ஏறி, அவர்தம் சேஷ்டைகளின் கதைகளைக் கேட்டபடியே போனார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டிகளை அரைச்சந்திர வடிவாய் நிறுத்தினார்கள். அதுவே புதிய ஊர். வீடு பிள்ளைகளுக்காக இருந்தது. ஆகையால் பிள்ளைகளுக்காக அதை விடவும் முடிந்தது.

இதுவரை சொன்னவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்றுண்டு. நந்தகோபன் வீட்டில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருவனாவது அந்த வீட்டில் பிறந்தவனா? ரோஹிணி வஸுதேவருடைய பத்தினி. கம்ஸனுக்கு அஞ்சி அடைக்கலம் புகுந்தவள். பலராமன் அவள் பிள்ளை. கண்ணனோ நள்ளிரவில் யமுனையைக் கடந்து வந்தவன். கண்ணன் பிறப்பை நந்தகோபன் அறியான். ஆனால் பலராமன் யாருடைய பிள்ளை என்பதை நன்கு அறிவான். மதுரையில் வஸுதேவர் அவனைக் கண்டபோது, என் பிள்ளை தாயோடு உன் இடத்தில், உன்னையே தகப்பனாக நினைத்து, உங்கள் இருவர் சீராட்டில் வளர்கிறானே, சுகமா என்று கேட்டார். கர்காசாரியர் மாட்டுக்கொட்டிலில் மறைவாகப் பெயர் சூட்டியபோதும் இரு பிள்ளைகளுக்கும் சேர்த்தே சூட்டினார். இவன் நம்மவன், அவன் அடைக்கலம் வந்தவன் என்ற வேற்றுமை அந்த வீட்டில் இல்லை. அதனால்தான் ஆண்டாள் திருப்பாவையில் அந்த மாளிகையைத் துயிலெழுப்பும்போது நந்தகோபன், யசோதை, கண்ணன் ஆகியோரோடு பலதேவனையும் விடாமல் எழுப்புகிறாள்.

இது புராணத்தோடு நிற்கும் செய்தி அன்று. 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் விஷச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில வீடுகளில் தந்தை போனார். சில வீடுகளில் தாய் தந்தை இருவருமே போயினர். சாராயத்தின் கேட்டைப் பற்றிப் பேசியவர்கள் அநேகர். கூட்டம் கலைந்த பிறகு அந்த வீடுகளின் திண்ணையில் மூத்தது ஒன்று, அதன் கையைப் பற்றியபடி இளையவை இரண்டு என்று நின்றிருந்த குழந்தைகளைப் பற்றிப் பேசியவர் குறைவு. பெற்றோரை இருவரையும் இழந்த குழந்தைகளுக்குப் பதினெட்டு வயது வரை மாதம் 5,000 ரூபாயும் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், ஒருவரை இழந்தோர்க்கு 3 லட்சம் ரூபாய் வைப்புத் தொகையும், படிப்புச் செலவும் தருவதாக அரசு அறிவித்தது. மநு ஸ்ம்ருதியின் எட்டாம் அத்யாயத்தில், பாலனுக்கு வரவேண்டிய சொத்தை அவன் குருகுலம் முடித்துத் திரும்பும் வரை, அல்லது பாலப் பருவம் கடக்கும் வரை, அரசன் காக்கக் கடவன் என்று விதித்திருக்கிறது. ஆகவே இது தயவினால் இட்ட பிச்சை என்று எண்ணலாகாது, ராஜ தர்மம். இப்படிப்பட்ட பெருந்துயரத்தில் அன்றி, நோயாலும் விபத்தாலும் பெற்றோரை இழந்த குழந்தைகளும் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் தருவதற்காக 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் என்ற திட்டம் தொடங்கப்பட்டது.

பணம் வரும்; ஆனால் காலையில் தலை வாரிவிடுவது யார்? பெரும்பாலும் பன்னிரண்டு, பதினான்கு வயது அக்காள். சாவு விழாத வீடுகளிலும் இது உண்டு. மலையூர்களிலிருந்து பெற்றோர் பிழைப்பைத் தேடி வெளி மாநிலத்துத் தோட்டங்களுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட, வயதான பாட்டியின் பெயருக்குக் குடும்பமும், உண்மையில் மூத்த பெண்ணின் தலையில் அடுப்பும் தம்பி தங்கைகளும் என்று நடக்கும் வீடுகள் எத்தனை! அவளைப் பார்த்து 'தாய்க்குத் தாயாக இருக்கிறாள்' என்று புகழ்வது ஊருக்கு எளிது. அந்தப் புகழ்ச்சியை வாங்கிக்கொண்டு அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுகிறாள். மூத்தவன் இளையவரைத் தகப்பன் போல் காக்க வேண்டும் என்று சாஸ்த்ரம் சொல்லியது உண்மையே. ஆனால் பாலர்களுக்கு முதலில் உணவிடு என்ற வசனம் அவளுக்கும் உரியதன்றோ? அவளும் பாலையே. ரோஹிணிக்கு யசோதை இருந்தாள். இருவராய் நின்றும் தவித்தார்கள் என்று பாகவதம் சொல்லுகிறது. துணையின்றி நிற்கும் ஒரு சிறுமியிடம் அந்தச் சுமையை விட்டுவிட்டு, சித்தப்பாவும் மாமனும் கோயிலில் முன்வரிசையில் நின்று தீர்த்தம் வாங்குவது எம்பெருமான் திருவுள்ளத்திற்கு உகக்குமோ? வாரத்தில் இரண்டு நாள் சமைத்துக் கொண்டுபோய் வைத்து, அவளைப் பள்ளிக்கு அனுப்புபவரே நந்தகோபன் குடியைச் சேர்ந்தவர்.

பஞ்சவடியில் நடந்ததை இங்கே நினைக்க வேண்டும். தக்க இடம் பார்த்துப் பர்ணசாலை அமைக்கும்படி பெருமாள் இளையபெருமாளிடம் சொன்னார். நான் பரதந்த்ரன், இன்ன இடத்தில் கட்டு என்று தேவரீரே நியமித்தருள வேண்டும் என்றார் தம்பி. இடம் காட்டியருளினார். மண்சுவர், உறுதியான தூண்கள், நீண்ட மூங்கில்கள், வன்னிக் கிளைகளைப் பரப்பி, தர்ப்பையும் நாணலும் இலையும் வேய்ந்து, தரையைச் சமன் செய்து முடித்தார். கோதாவரியில் நீராடி, மலர் இட்டு, சாந்தியும் செய்து, பிறகே அண்ணனை அழைத்துக் காட்டினார். பார்த்த பெருமாள் தம்பியை அணைத்துக்கொண்டார். பரிசாகக் கொடுக்க வேறொன்றும் இல்லாமையால் இந்த அணைப்பையே தந்தேன் என்றும், உன்னைப் போன்ற பிள்ளை இருக்கையில் நம் தகப்பனார் மறைந்துவிடவில்லை என்றும் அருளிச்செய்தார். தந்தையை இழந்து, வீட்டையும் இழந்து வந்தவர்கள், ஓலைக் கூரையின் கீழே ஒருவர் மற்றவரிடத்தில் தந்தையைக் கண்டார்கள். தகப்பன் இல்லாத வீட்டில் கூரை மாற்றுகின்ற மூத்த பிள்ளையை ஊரார் தட்டிக்கொடுப்பதற்கு இதைவிட வேறு வார்த்தை தேவையில்லை.

எல்லா வீடுகளிலும் இப்படி நடந்துவிட்டால் கோர்ட்டுகளுக்கு வேலை ஏது? தகப்பன் காலமான பின் பட்டா மாற்றும்போதுதான் உடன்பிறப்பின் நிறம் தெரிகிறது. தம்பி சிறியவன், தங்கை கட்டிக் கொடுக்கப்படப் போகிறவள் என்று சொல்லி, வாரிசுச் சான்றிதழில் ஒரு பெயரை விட்டுவிடுவது, 'எல்லாம் உனக்காகத்தான்' என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது என்று இவற்றைச் செய்பவர்களும் நெற்றியில் திருமண் தரித்து வருகிறார்கள். மூத்தவன் லோபத்தினால் இளையவரை வஞ்சித்தால் அவன் மூத்தவன் என்ற மதிப்பையும் தனிப் பங்கையும் இழப்பான், அரசனால் தண்டிக்கவும் படுவான் என்பது மநுவின் தீர்ப்பு. ஸஹோதரிகளுக்குத் தம் பங்கிலிருந்து நான்கில் ஒரு பாகம் கொடாத ஸஹோதரர்கள் பதிதர்கள் என்றும் அவரே சொல்கிறார். இக்காலச் சட்டம் அதற்கும் மேலே சென்றிருக்கிறது. கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் ஆணோடு ஸமமான உரிமையைத் தமிழகம் 1989-இலும், நாடு முழுவதும் 2005-இலும் ஏற்படுத்தின. மைனரின் அசையாச் சொத்தை, பெற்ற தகப்பனே ஆனாலும், கோர்ட்டின் முன் அனுமதி இன்றி விற்கலாகாது என்று 1956-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. அண்ணன் எம்மாத்திரம்? சாஸ்த்ரமும் சட்டமும் ஒரே பக்கம் நிற்கும்போது, 'எங்கள் வழக்கம் அப்படி' என்பது எந்தப் பக்கம் நிற்பது?

இராமாயணத்தில் இந்த வழக்கு மூன்று வீடுகளில் நடக்கிறது. கிஷ்கிந்தையில், தமையன் குகைக்குள் மாண்டான் என்று எண்ணி வாயிலை அடைத்துவந்த ஸுக்ரீவனை மந்த்ரிகள் முடிசூட்டினார்கள். திரும்பி வந்த வாலி, தம்பி சொன்ன கணக்கைக் கேட்கவே இல்லை. உடுத்த துணியோடு துரத்தினான். கேட்டிருந்தால் ஒரு மாலைப்பொழுதில் தீர்ந்திருக்கும். அந்த வாலியே சாகுந்தறுவாயில், தன் ஒரே பிள்ளை அங்கதனை அதே தம்பியின் கையில் ஒப்புவித்து, உன் பிள்ளையாக வளர் என்று வேண்டினான். ஸுக்ரீவன் பழம்பகையைக் குழந்தைமேல் காட்டவில்லை. அங்கதன் இளவரசனானான். இலங்கையிலோ ஹிதம் சொன்ன தம்பியை ராவணன் சபையிலே அவமதித்தான். அவன் வீட்டையும் மனைவி மக்களையும் விட்டுக் கடல் கடந்தான். அவனை ஏற்கலாமோ என்று ஸுக்ரீவன் தயங்கியபோது, எல்லாத் தம்பிகளும் பரதனைப் போல் ஆவார்களா என்று பெருமாள் அருளிச்செய்தது ப்ரஸித்தம்.

பரதாழ்வான் செய்தது என்ன? வேண்டாத ராஜ்யம் தாயினால் கைக்கு வந்தது. அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை. 'எனக்கென்ன' என்று கைவிடவும் இல்லை. இரண்டையும்விடக் கடினமானதைச் செய்தான். சித்ரகூடத்தில் பெற்ற திருவடிநிலைகளை ஸிம்ஹாஸனத்தில் வைத்து, அயோத்தி மாளிகையில் குடியிராமல் நந்திக்ராமத்தில் தங்கி, மரவுரியும் சடைமுடியும் தரித்து, காயும் கிழங்கும் உண்டு, பதினான்கு வருஷம் பிறர் சொத்தைக் காத்தான். எந்தக் காரியம் வந்தாலும், எந்தக் காணிக்கை வந்தாலும், முதலில் திருவடிநிலைகளுக்கு விண்ணப்பம் செய்த பிறகே கைக்கொண்டான். அங்கே இளையவன் மூத்தவனுக்காகக் காத்தான். பெற்றோர் இல்லாத வீட்டிலோ மூத்தவர் இளையவருக்காகக் காக்க வேண்டும். திசைதான் வேறு. வீட்டுப் பத்திரம், வரி ரசீது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்து, தம்பிக்கு விவரம் தெரியும் நாளில் திறந்து காட்டும்படி வைத்திருப்பது, திருவடிநிலைகளை வைத்திருந்ததற்குச் சமானமே.

வனவாஸம் முடிந்து பெருமாள் நந்திக்ராமத்தில் எழுந்தருளினார். பரதாழ்வான் திருவடிநிலைகளைத் தன் கையாலேயே எடுத்து வந்து திருவடிகளில் சேர்ப்பித்தான். பிறகு, தேவரீருடைய ராஜ்யம் இதோ. பொக்கிஷத்தையும் தானியக் களஞ்சியத்தையும் நகரத்தையும் ஸேனையையும் பார்த்தருள வேண்டும். தேவரீருடைய தேஜஸ்ஸினால் எல்லாம் பத்து மடங்காக ஆக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கை ஒப்புவித்தான். அண்ணன் கேட்கவில்லை, தம்பி தானாகவே சொன்னான். ஸுக்ரீவன் அவ்விடத்தில்தான் இருந்தான். சற்று முன்பு பரதன் அவனை அணைத்து, எங்கள் நால்வருக்கும் நீ ஐந்தாவது ஸஹோதரன் என்று சொல்லியிருந்தான். விபீஷணாழ்வானும் அருகில் நின்றிருந்தான். இருவரும் தமையனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். இருவரும் தமையன் மாண்ட பிறகே வீட்டிற்குள் மீண்டவர்கள். பரதன் அவ்வாறு சொல்லக் கேட்டு வானரர்கள் கண்ணீர் உகுத்தார்கள், விபீஷணனும் உகுத்தான் என்று வால்மீகி பகவான் அருளிச்செய்திருக்கிறார்.